கேள்வி – பதில்

கே: நாடகத்தைப் படமாக்கினால் மேடை வாடை போகவே போகாது என்று சாதிக்கிறார் என் கணவர். பழைய ஹாலிவுட் காதல் படங்களில் அவர் வாயை அடைக்க ஒன்று சொல்லுங்களேன். (வாசகி, திண்டுக்கல்)

ப: எர்ன்ஸ்ட் லுபிட்ச் இயக்கி 1940-இல் வந்த 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்' படத்தைப் போட்டுக் காட்டுங்கள். மிக்லோஷ் லாஸ்லோவின் ஹங்கேரிய நாடகம்தான் அதற்கு மூலம். புடாபெஸ்டில் ஒரு கடை. ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் மார்கரெட் சல்லவனும் அங்கே ஊழியர்கள். பகலெல்லாம் எலியும் பூனையும். இருவருமே முகம் தெரியாத ஒருவருக்கு உருகி உருகிக் கடிதம் எழுதுகிறார்கள். அந்த ஒருவர் பக்கத்தில் நிற்பவர்தான் என்பது தெரியாது.

முக்கால்வாசிப் படம் கடைக்குள்ளேயே நடக்கிறது, நாடகம்தான். ஆனால் தபால் நிலையக் காட்சிக்கு வாருங்கள். கேமரா பெட்டிகளுக்குப் பின்பக்கம் இருக்கிறது. 237-ஆம் எண் பெட்டிக்குள் கையுறை அணிந்த ஒரு கை நுழைந்து துழாவுகிறது. கடிதம் இல்லை. கை போன பிறகு, அதே சதுரத்தில் சல்லவனின் முகம் குனிந்து பார்க்கிறது. ஒரு வசனம் கிடையாது. பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் நாடக ரசிகருக்கு அந்த விரல்கள் தெரியுமா? எத்தனை முறை பார்த்தாலும், அந்தக் கை வெறுமனே திரும்பும்போது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்கிறது.

கே: அதே கதையைப் பிறகு யாராவது எடுத்தார்களா? (வாசகர், காரைக்குடி)

ப: 1949-இல் ஜூடி கார்லண்ட் நடித்த பாட்டுப் படமாகவும், 1998-இல் 'யூ ஹேவ் காட் மெயில்' என்றும் வந்தது. பின்னதில் கடிதம் மின்னஞ்சலாகிவிட்டது. நாயகனும் நாயகியும் கடைச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். மாதச் சம்பளக்காரர்களின் பயம் போனதும் பாதி உயிர் போய்விட்டது என்பேன்.

கே: பழைய படங்களில் உங்களுக்குப் பிடித்த சிரிப்பு நடிகர்? (வாசகி, நாகர்கோவில்)

ப: பெலிக்ஸ் பிரெஸார்ட். மேலே சொன்ன படத்திலேயே பிரோவிச் என்ற மூத்த ஊழியராக வருகிறார். "உன் மனத்தில் பட்டதை ஒளிக்காமல் சொல்" என்று முதலாளி யாரையாவது கேட்கத் தொடங்கினால் போதும், இந்தக் குடும்பஸ்தர் சத்தமில்லாமல் படியேறி மறைந்துவிடுவார். பதினேழு வயதில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதியவன் நான். முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டதும் குடோனுக்குள் நழுவும் அண்ணாச்சி ஒருவர் எங்களுக்கும் இருந்தார். லுபிட்ச்சும் பெர்லினில் தந்தையின் கடையில் வேலை பார்த்தவர். பார்க்காதவருக்கு அந்தப் படிக்கட்டு தோன்றியிருக்காது.

ஆனால் அந்த முதலாளியை வெறுக்க முடியவில்லை. பிராங்க் மார்கன் அப்படி நடித்திருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, கடை மூடியாகிவிட்டது, பனி கொட்டுகிறது. ஊழியர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குக் கிளம்ப, மனைவியைப் பிரிந்த மனிதர் வாசலிலேயே நிற்கிறார். கடைசியில் வெளியே வருகிறான், ஊரில் யாருமில்லாத புது எடுபிடிப் பையன். அவனிடம் சூப்பில் தொடங்கி ஒவ்வொரு பதார்த்தமாகச் சொல்லி ஆசை காட்டி, சாப்பிட அழைத்துப் போகிறார்.