பிள்ளையின் தேர்வு முடிவு: பள்ளியிடம் என்ன கேட்பது? (கேள்வி பதில்)

தொடக்கப்பள்ளித் தேர்வு முடிவுகளைப் பற்றி விவரம் கேட்டுப் பெற்றோர் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் கணக்கில் பத்துக்கு ஆறு வாங்கியிருக்கிறாள். அறிக்கையில் அந்த எண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை. மேலும் விவரம் கேட்டால், குறை சொல்ல வந்திருக்கிறேன் என்று ஆசிரியர் நினைப்பாரோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்: தயங்க வேண்டாம் அம்மா. "ஏன் நான்கு மதிப்பெண் குறைந்தது?" என்று தொடங்காமல், "எந்தக் கணக்குகள் தவறின, எப்படித் தவறின?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு ஆசிரியர் சமாதானம் சொல்ல முயல்வார். இரண்டாவதற்கு விடைத்தாளை எடுத்துக் காட்டுவார். அதில் விடையை மட்டும் பாராமல், அந்த விடைக்குப் பிள்ளை எப்படி வந்தாள் என்பதையும் பாருங்கள்.

43-இலிருந்து 18-ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். மூன்றிலிருந்து எட்டு போகாது என்பதால் எட்டிலிருந்து மூன்றைக் கழித்து ஐந்து என்றும், நான்கில் ஒன்று போக மூன்று என்றும் எழுதியிருப்பார்கள். எந்த இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிப்பதுதான் முறை என்று அவர்கள் நம்புகிறார்கள். இதைக் கவனக்குறைவு என்று சொல்லவே கூடாது. நூறு கணக்கு போடச் சொன்னாலும் கடன் வாங்க வேண்டிய இடத்திலெல்லாம் அதே தவறு வரும். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கையில் கொடுத்து, ஒரு கட்டைப் பிரித்து எண்ணச் சொன்னால்தான் கடன் வாங்குவது என்ன என்று அவர்களுக்கு விளங்கும். அதே ஆறு மதிப்பெண் வாங்கிய வேறொரு பிள்ளை, முதல் ஆறு கணக்கைச் சரியாகச் செய்து, கடைசி நான்கைத் தொடாமலே விட்டிருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு நேரம் போதவில்லையா, வாசிப்பு தடைப்பட்டதா என்றுதான் பார்க்க வேண்டும். எண் ஒன்றாக இருந்தாலும் இந்த இருவருக்கும் செய்ய வேண்டிய உதவி ஒன்றல்ல.

கேள்வி: என் மகனின் தரப்படுத்திய மதிப்பெண் சென்ற ஆண்டு 97, இந்த ஆண்டு 94. நூற்றுமானம் 34 என்றும் போட்டிருக்கிறார்கள். நூற்றுக்கு 34 தான் வாங்கினானா? பின்தங்குகிறானா?

பதில்: இல்லை. தரப்படுத்திய தேர்வு என்றால், எல்லாருக்கும் ஒரே முறையில் நடத்தி, பெரிய குழு ஒன்றோடு ஒப்பிட்டு மதிப்பெண் தரும் தேர்வு. பெரும்பாலான தரப்படுத்திய தேர்வுகளில் சராசரி 100. மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் திட்ட விலக்கம் 15. ஆகவே மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85-க்கும் 115-க்கும் இடையில் இருப்பார்கள். நூற்றுமானம் 34 என்றால், ஒப்பிடப்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 34 விழுக்காட்டினர் அவனுக்குக் கீழே இருக்கிறார்கள் என்று பொருள். எத்தனை கேள்விக்குச் சரியாக விடை எழுதினான் என்பதை அது சொல்லாது. நம்பகத்தன்மை (மீண்டும் வைத்தாலும் ஏறத்தாழ அதே முடிவைத் தரும் தன்மை; முழு அளவு 1) 0.9 உள்ள நல்ல தேர்விலும் அளவீட்டுப் பிழை, அதாவது மதிப்பெண் தற்செயலாக ஏறி இறங்கும் அளவு, ஐந்து புள்ளிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் என்பதால், மூன்று புள்ளி இறங்கியதை மட்டும் வைத்துப் பின்தங்கிவிட்டான் என்று முடிவு கட்டக் கூடாது. அடுத்தடுத்த தேர்வுகளிலும் இறங்கிக்கொண்டே போனால் அவசியம் பேசுங்கள்.

கேள்வி: முதல் வகுப்பிலேயே வயதில் சிறியவள் என் பேத்தி. மற்றப் பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் கேட்டு ஒப்பிடலாமா?

பதில்: மற்றப் பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் கேட்பது முறையாகாது ஐயா, பள்ளியும் தரக் கூடாது. வகுப்புச் சராசரியைக் கேட்கலாம். அதைவிட முக்கியமானது, மதிப்பெண் வயதுக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்டதா என்ற கேள்வி. ஒரே வகுப்பில் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் ஏறக்குறைய ஓராண்டு இடைவெளி இருக்கலாம். ஆறு வயதில் அது வாழ்நாளில் ஆறில் ஒரு பங்கு.

கேள்வி: பிர்ல்ஸ் (PIRLS) என்ற பன்னாட்டு வாசிப்புத் தேர்வை என் மகள் எழுதினாள். அவளுடைய முடிவைப் பள்ளி தர மறுக்கிறது.

பதில்: மறுக்கவில்லை, அப்படியொரு முடிவே இல்லை. 2001 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் அந்த ஆய்வு நாடுகளின் வாசிப்புத் திறனை மதிப்பிடுவதற்கானது. வாசிப்புப் பகுதிகள் பிரித்துக் கொடுக்கப்படுவதால், ஒவ்வொரு பிள்ளையும் அவற்றுள் சிலவற்றை மட்டுமே படிக்கிறது.

கேள்வி: மதிப்பெண்ணைப் பிள்ளையிடம் சொல்லலாமா?

பதில்: கேட்டால் மறைக்காதீர்கள். ஆனால் முதலில் ஆசிரியர் எழுதிய குறிப்பைச் சேர்ந்து படியுங்கள். கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், கருத்துரை மட்டும் பெற்ற பிள்ளைகளின் ஆர்வமும் செயல்பாடும் மேம்பட்டன. மதிப்பெண்ணையும் கருத்துரையையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்தப் பயன் தெரியவில்லை. எண் கண்ணில் பட்டதும் பிள்ளை மற்றதைப் படிப்பதில்லை என்றே நானும் கருதுகிறேன்.

கேள்வி: வினாத்தாளைத் தர முடியாது என்கிறார்கள். வேறு வழி?

பதில்: அதே வினாத்தாளை மீண்டும் பயன்படுத்தும் தேர்வாக இருந்தால் அவர்கள் சொல்வது நியாயமே. ஆசிரியர் முன்னிலையில் பார்த்துத் திருப்பித் தருவதாகச் சொல்லுங்கள். அதுவும் இயலாவிட்டால் வாசிப்பு, எழுத்து, கூட்டல், கழித்தல் என்று பகுதிவாரியான விவரத்தை எழுத்து மூலம் கேளுங்கள். அடுத்த தேர்வு முடிவோடு ஒப்பிட அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்.