வாசகர் கேள்வி – பதில்: பழைய படைச் சின்னங்கள்

கேள்வி: எனக்குப் புதுக்குடியிருப்பில் ஒரு தையற்கடை இருக்கிறது. கனடாவில் இருக்கும் என் தம்பி பழைய படைச் சின்னங்களைச் சேர்த்து வருகிறான். வியட்நாம் போரில் அமெரிக்க விசேட படையினர் அணிந்த, பச்சைத் தொப்பி போட்ட மண்டையோட்டுச் சின்னம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். லாவோஸ் காட்டுக்குள் போய்வந்த சட்டையிலிருந்து கழற்றியது என்கிறாராம் விற்பவர். “தையல் தெரிந்த நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், அக்கா” என்கிறான். நான் எதைப் பார்ப்பது?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: துணியைத் தொடும் முன்பே விற்பவரின் கதை இடறுகிறது. அந்தச் சின்னம், 1964 முதல் 1972 வரை இயங்கிய எஸ்.ஓ.ஜி. என்ற இரகசியப் பிரிவினுடையது. லாவோஸுக்கும் கம்போடியாவுக்கும் அது அனுப்பிய வேவு அணிகள், பிடிபட்டாலும் எந்த நாட்டவர் என்று தெரியக்கூடாது என்பதற்காக, சின்னமோ பெயரோ இல்லாத உடையில்தான் சென்றன. முகாமில் அணிந்தது என்று அவர் சொல்லியிருந்தால் மேற்கொண்டு யோசிக்கலாம்.

துணிக்கு வந்தால், தம்பியின் கண்ணைவிட உங்கள் கண் தேர்ந்தது. இப்பிரிவின் சின்னங்களில் பல, வியட்நாமிய நகரங்களின் தையற்காரர்கள் துணியைக் கையால் நகர்த்தி நகர்த்தி மெசினில் பூவேலை செய்தவை. எனவே ஒரே கடையில் தைத்த இரண்டுகூட அச்சாக ஒத்திருப்பதில்லை. சின்னத்தைத் திருப்பிப் பாருங்கள். இன்றைய கணினி மெசினில் தைத்த நகலென்றால் பின்பக்கம் வெள்ளைப் பொபின் நூல் சீராக ஓடியிருக்கும். சிலவற்றில் ஸ்திரிக்கைப் பெட்டியால் ஒட்டுவதற்கான பிளாஸ்டிக் படலமும் இருக்கும். ஆனால் கைவேலை என்பது மட்டும் பழமைக்குச் சான்றாகாது. போர் முடிந்த பின்னரும் அதே முறையில் நினைவுப் பொருளாகத் தைத்து விற்றிருக்கிறார்கள்.

சட்டையிலிருந்து கழற்றியது உண்மையென்றால் ஓரத்தைச் சுற்றி ஊசித் துளைகளும், அவற்றில் சிக்கிய நூல் துணுக்குகளும் இருக்க வேண்டும். சட்டையும் கூடவே விற்பனைக்கு வந்தால் இன்னும் நல்லது. சின்னம் மறைத்திருந்த இடம் வெயில் படாமல் கடும் பச்சையாகவும், சுற்றியுள்ள துணி வெளிறியும் இருக்கும். பழமை காட்டுவதற்காகப் புதிய துணியைப் பிளேன்ரீயில் ஊறவைப்பவர்களும் உண்டு. அந்தச் சாயம் எங்கும் ஒரே அளவாகப் படியும். உண்மையான அழுக்கோ மடிப்பிலும் தையலின் இடுக்கிலும்தான் தங்கும்.

புறஊதா ரோச் பற்றியும் தம்பி கேட்பார். இன்றைய செயற்கை நூல்களில் பல அந்த ஒளியில் நீலவெள்ளையாகப் பளிச்சிடும். பழைய பருத்தி நூல் பெரும்பாலும் மங்கலாகவே இருக்கும். ஆயினும் சலவைத்தூளில் உள்ள வெண்மையூட்டி பழைய துணியையும் ஒளிரச் செய்யும் என்பதால், இந்தச் சோதனையை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத வேண்டாம். உதிர்ந்த நூல் துணுக்கு ஏதும் கிடைத்தால் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, கடதாசிபோல் எரிந்து சாம்பலாகும்; பொலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும்.

சட்டையின் லேபிளை வாசிப்பது இவை எல்லாவற்றையும்விடச் சுலபம். அமெரிக்கப் படைச் சட்டைகளின் லேபிளில், படைக்குப் பொருள் வாங்கிய அரச முகவரகத்தைக் குறிக்கும் ‘டி.எஸ்.ஏ. 100’ என்பதற்கு அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் ஒப்பந்த ஆண்டைக் குறிக்கும். 67 என்றால் 1967. பொருளின் வகையைக் குறிக்கும் கையிருப்பு எண்ணும் லேபிளில் இருக்கும்; அது 1974 வரை 11 இலக்கங்கள் கொண்டது, அதன் பின்னர் 13. ஆகவே 1968இல் அணிந்ததாகச் சொல்லும் சட்டையில் 13 இலக்கங்களை எண்ணினால் பேரத்தை அத்துடன் நிறுத்திவிடலாம்.

கேள்வி: கிரிக்கெட் வீரர் தோனியின் கையுறையில் இருந்த குத்துவாள் சின்னத்தை இணையத்தில் விற்கிறார்கள். வாங்கினால் சேகரிப்பாகுமா?
– மாணவர், வவுனியா

பதில்: அது இந்திய இராணுவத்தின் பரா (பரசூட்) விசேட படையினரின் ‘பலிதான்’ சின்னம். சிறகுள்ள குத்துவாளுடன் தேவநாகரியில் அந்தச் சொல் இருக்கும். உயிர்த்தியாகம் என்பது பொருள். 2019 யூன் மாதம் தென்னாபிரிக்காவுக்கு எதிரான உலகக் கிண்ணப் போட்டியில் தோனி அதை அணிந்திருந்தார். அகற்றும்படி சர்வதேச கிரிக்கெட் பேரவை கேட்டுக்கொண்டது. கடைகளில் குவியலாக விற்பவை நகல்கள். நகலென்று தெரிந்து, நகலுக்குரிய விலையில் வாங்குவதில் தவறில்லை.

கேள்வி: காணி துப்புரவாக்கும்போது மண்ணுக்குள் சீருடைச் சட்டை ஒன்று தென்பட்டது. இலக்கம் எழுதிய துணித்துண்டும் அதில் இருக்கிறது. எடுத்துக் கழுவி வைக்கலாமா?
– வாசகர், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: வேண்டாம். முதலாவது அச்சம் மிதிவெடி. வந்த கால்தடத்திலேயே திரும்பி நடந்து வெளியேறுங்கள். விடுதலைப் புலிகளின் சின்னம் உள்ள துணியாக இருந்தால், அதை வீட்டில் வைத்திருப்பது பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் உங்களைச் சிக்கலில் மாட்டக்கூடும். ஆனால் நான் ‘வேண்டாம்’ என்பதற்கு இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 2023 யூனில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எச்சங்களோடு ஆடைகளும் வெளிப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். மேலே நாம் விலை பேசிய நூலும் இலக்கமும் இங்கே, ஒரு தாய் இத்தனை ஆண்டுகளாகத் தேடும் பிள்ளையை அடையாளம் காட்டும் தடயங்கள். சட்டை கிடந்த இடத்தைத் தூர நின்று குறித்துக்கொண்டு, கிராம அலுவலருக்கும் பொலிஸாருக்கும் எழுத்தில் அறிவியுங்கள். அவர்கள் வரும்வரை அதை யாரும் தோண்டவோ கழுவவோ விடாதீர்கள்.