கானமயில் கணக்கெடுப்புக்குப் போகுமுன்

கேள்வி: விலங்கியல் முதுகலை முடித்திருக்கிறேன். ராஜஸ்தான் பாலைவனத் தேசியப் பூங்காவில் கானமயில் (Great Indian Bustard) என்ற அரிய பறவையைக் கணக்கெடுக்கும் ஆய்வுக் குழுவோடு போக ஆசை. எப்படித் தயாராவது? அம்மா ரொம்பப் பயப்படுகிறார்கள்.
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தனியாகக் கிளம்பிப் போய்ச் சேர்ந்துகொள்ள முடியாது. 3,162 சதுர கி.மீ. பரந்த அந்த இடம் பெயரில்தான் தேசியப் பூங்கா, சட்டப்படி சரணாலயம். ஆய்வுக்காக உள்ளே நுழைய, 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவுப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். டேராடூனிலுள்ள இந்திய வன உயிரின நிறுவனத்தின் திட்டப் பணி அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள். புத்த பூர்ணிமாவை ஒட்டி ராஜஸ்தான் வனத்துறை நடத்தும், நீர்நிலைகளுக்கு வரும் விலங்குகளை எண்ணும் கணக்கெடுப்பில் தன்னார்வலர்களும் சேரலாம். தொடங்க அது நல்ல வழி.

கானமயில் கணக்கெடுப்பில் நிலத்தை 12 கி.மீ. நீள அகலக் கட்டங்களாகப் பிரித்து, மண்பாதையில் ஜீப்பை மணிக்கு 10–20 கி.மீ. வேகத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். காலையிலும் மாலையிலும்தான் வேலை. நடுப்பகலில் கானல் அலையடிக்கும்; தூரத்தில் நிற்பது பறவையா ஆடா என்றே தெரியாது. புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது தூரத்தைக் கணிப்பதில். ஒப்பிட மரமோ வீடோ இல்லாத வெட்டவெளியில் 400 மீட்டர் 250 போலத் தோன்றும். தூரத்தைக் குறைத்து எழுதினால், பார்த்த பரப்பும் குறைவாகக் கணக்காகி, பறவைகளின் அடர்த்தி கூடுதலாக வந்துவிடும். காட்டில் 150க்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கும் ஒரு பறவைக்கு இது சின்னப் பிழை அல்ல. ஒன்றுமே தென்படாத கட்டத்துக்கும் '0' என்று எழுதுங்கள். வெறுமனே விட்டால், பார்த்தும் இல்லையா, பார்க்கவே இல்லையா என்று பின்னால் யாருக்கும் தெரியாது.

பயிற்சிக்கு நம்மூரே போதும். திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டில் ஒரு பனையைப் பார்த்து தூரத்தை நோட்டில் எழுதுங்கள். பிறகு நடந்துபோய் கைபேசி ஜிபிஎஸ்ஸில் சரிபாருங்கள். பத்து மரத்தில் குறைந்தது எட்டு மரத்துக்குச் சரியாக வரும்வரை விடாதீர்கள். மணலில் நடக்கும் பழக்கமும் கூடவே வந்துவிடும். வெட்டவெளியில் மான் கூட்டத்தை எண்ணிப் பழக வல்லநாடு வெளிமான் சரணாலயத்துக்குப் போங்கள். ஜனவரியில் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் சேருங்கள். படிவம் நிரப்பும் ஒழுங்கு கைவரும்.

கோடையில் ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர் தண்ணீராவது வேண்டும். வியர்வையில் உப்பும் போவதால், வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் தலைசுற்றல் வரும். ஓஆர்எஸ் பொட்டலம் கட்டாயம். குளிர்காலம் என்றால் நம்மூர் மார்கழியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், இரவில் 5 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. சுருட்டை விரியன் இரவில் நடமாடும். டார்ச் இல்லாமல் நடக்கக் கூடாது, ஷூவை உதறாமல் போடக் கூடாது. எல்லைப் பகுதி என்பதால் அடையாள அட்டை எப்போதும் கையில் இருக்கட்டும். சாட்டிலைட் போன், ட்ரோன் இரண்டையும் அனுமதியில்லாமல் கொண்டுபோகாதீர்கள்.

கூடு கண்ணில் பட்டால் நெருங்காமல் விலகிவிடுங்கள். பெட்டை பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும். கண்ட இடத்தைப் படத்தோடு வலைத்தளங்களில் போடவே கூடாது.

அம்மாவிடம் குழுத் தலைவரின் எண்ணையும், அவசரத்துக்கு எந்த மருத்துவமனை, எந்த வண்டி என்பதையும் எழுதிக் கொடுங்கள். பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. ஒரு நாள் போன் வரவில்லையென்றால் பதற வேண்டாம், மறுநாளும் வராவிட்டால் மட்டும் குழுத் தலைவரை அழையுங்கள் என்று கிளம்புமுன்பே பேசி வைத்துவிடுங்கள்.