லேபில் புரதம் 18 சதவீதம், குஞ்சுக்கு மட்டும் இறகு வரவில்லை

கேள்வி: வணக்கம் சார். ராசிபுரம் பக்கம் எங்கள் தோட்டம். 80 நாட்டுக்கோழிகள் முட்டைக்கு இருக்கின்றன, 40 குஞ்சுகள் வளர்கின்றன. தீவனம் நானே அரைத்துக் கலக்குகிறேன். 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 45, கடலைப் புண்ணாக்கு 25, அரிசித் தவிடு 20, கம்பு 8, தாது உப்பு 2 கிலோ. கிளிஞ்சல் தனித் தொட்டியில் வைக்கிறேன். லேபில் கொடுத்துப் பார்த்தேன், புரதம் 18 சதவீதம் என்று வந்தது. ஆனால் முட்டை சின்னதாக இருக்கிறது. ஆறு வாரமாகியும் குஞ்சுகளுக்கு முதுகில் இறகு மூடவில்லை, ஒன்றையொன்று வாலில் கொத்திக்கொள்கின்றன. புரதம் போதவில்லையோ என்று புண்ணாக்கை 30 கிலோ ஆக்கினேன். கொட்டகையில் கண் எரிகிற நெடி கூடியதுதான் மிச்சம். இதே புண்ணாக்கைத் தின்கிற மாடு நன்றாகத்தான் கறக்கிறது. கோழிக்கு மட்டும் ஏன் ஒத்துவரவில்லை? இன்னும் புரதம் கூட்ட வேண்டுமா?

பதில்: கூட்ட வேண்டாம் அம்மா. முட்டைக்கோழிக்கு இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் குறைக்கவே சொல்வேன். லேப் கொடுத்த எண்ணில் தப்பில்லை. உங்கள் கலவையை நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 17.8 சதவீதம் வருகிறது. ஆனால் கோழிக்கு எது குறைகிறது என்று அந்த எண் சொல்லாது. அதைப் புரிந்துகொண்டால் இனி எந்தத் தீவன மூட்டையைப் பார்த்தாலும் நீங்களே எடை போட்டுவிடலாம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

புரதம் என்பது ஒரே பொருள் இல்லை. அது ஒரு சங்கிலி. அதன் கண்ணிகளுக்கு அமினோ அமிலம் என்று பெயர். மொத்தம் 20 வகைக் கண்ணிகள். எது எதற்குப் பக்கத்தில் எத்தனை முறை வருகிறது என்பதைப் பொறுத்து அதே 20 கண்ணிகளிலிருந்து இறகும் வருகிறது, சதையும் வருகிறது, முட்டையின் வெள்ளைக்கருவும் வருகிறது. கடலைப் புண்ணாக்கில் இருக்கும் சங்கிலி அப்படியே கோழியின் இறகாக மாறுவதில்லை. குடலில் செரிமான நீர்கள் அதைத் தனித்தனிக் கண்ணிகளாக அறுக்கின்றன. அவை ரத்தத்தில் சேர்கின்றன. அப்புறம் கோழியின் உடம்பு தனக்கு வேண்டிய வரிசையில் புதிதாகக் கோத்துக்கொள்கிறது. ஆகவே கோழிக்கு வேண்டியது புரதம் என்பதைவிட, அந்தக் கண்ணிகள் சரியான அளவில் கிடைப்பதுதான்.

இந்த 20-இல் ஏறக்குறைய பாதியை கோழி தானே செய்துகொள்ளும். மீதியைச் செய்ய அதற்கு வழியில்லை, தீவனத்தில் வந்தே ஆக வேண்டும். அவற்றில் நம் ஊர்த் தீவனங்களில் முதலில் குறைந்துபோகிறவை இரண்டு: லைசின், மெத்தியோனைன். இந்த இரண்டு பெயரை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இட்லிக்கு மாவு ஆட்டுவதை நினைத்துப் பாருங்கள். நாலு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து என்று வைத்தால், அரைப்படி உளுந்துதான் வீட்டில் இருக்கிறபோது எத்தனை படி அரிசி ஊறப்போட்டாலும் இரண்டு படி அரிசிக்கான இட்லிதான் பதமாக வரும். எது குறைவோ அதுதான் அளவைத் தீர்மானிக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மிஞ்சிய அரிசியை நீங்கள் பானையில் போட்டு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். கோழிக்கு அப்படி ஒரு பானை கிடையாது. கொழுப்பைச் சேர்த்துவைப்பதுபோல அமினோ அமிலத்தை உடம்பு சேர்த்துவைக்காது. கோக்க முடியாமல் மிஞ்சிய கண்ணிகளை உடைத்து, அதிலுள்ள நைட்ரஜனை யூரிக் அமிலமாக்கி வெளியே தள்ளிவிடும். எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தெரிகிறதே, அதுதான். கூளத்தில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்து அம்மோனியா ஆக்குகின்றன. உங்கள் கொட்டகையில் கண் எரிவது அதனால்தான். காசு கொடுத்து வாங்கிய புண்ணாக்கின் ஒரு பகுதி அந்த நெடியாகப் போய்க்கொண்டிருக்கிறது. யூரிக் அமிலம் செய்வதற்கும் கோழி தன் சக்தியைச் செலவழிக்க வேண்டும், சிறுநீரகத்துக்கும் வேலை கூடும்.

இப்போது உங்கள் கலவைக்கு வருவோம். கடலைப் புண்ணாக்கில் புரதம் 42 சதவீதம் வரை இருக்கும். ஆனால் அந்தப் புரதத்தில் லைசினும் குறைவு, மெத்தியோனைனும் குறைவு. மக்காச்சோளத்திலும் லைசின் குறைவு. குறையுள்ள இரண்டையும் சேர்த்துவைத்து, அதிலேயே கிட்டத்தட்ட முக்கால் பங்கு தீவனத்தை முடித்துவிட்டோம். என் கணக்கில் உங்கள் தீவனத்தில் லைசின் சுமார் 0.6 சதவீதம், மெத்தியோனைன் சுமார் 0.26 சதவீதம். முட்டைக்கோழிக்கு லைசின் 0.7, மெத்தியோனைன் 0.3 ஆவது வேண்டும். வளரும் குஞ்சுக்கு லைசின் 0.85 வேண்டும். நீங்கள் புண்ணாக்கை 30 கிலோ ஆக்கியபோது புரதம் 19.5-க்கு ஏறிவிட்டது, மெத்தியோனைனோ 0.27-ஐத் தாண்டவில்லை. உளுந்தைச் சேர்க்காமல் அரிசியை மட்டும் கூட்டிய கதைதான்.

முட்டை சின்னதாவதற்கும் இதுவே காரணம். முட்டையின் புரதத்தில் எந்தக் கண்ணி எவ்வளவு இருக்க வேண்டும் என்பது கோழியின் பிறவியிலேயே எழுதப்பட்டது. மெத்தியோனைன் குறைந்த முட்டை என்று ஒன்றைக் கோழியால் இட முடியாது. இருக்கிற மெத்தியோனைனுக்கு ஏற்ப முட்டையைச் சின்னதாக்கும், அல்லது நாள் தள்ளி இடும். உங்கள் கோழிகள் நோயில் இல்லை, கிடைப்பதை வைத்துச் சமாளிக்கின்றன.

இறகு விஷயம் இன்னும் தெளிவானது. இறகு கிட்டத்தட்ட முழுவதும் கெரட்டின் என்கிற புரதம். அதற்குக் கெட்டித்தன்மை கொடுப்பது சிஸ்டீன் என்ற கந்தகம் உள்ள அமினோ அமிலம். இறகு கருகினால் மூக்கைத் துளைக்கிற வாடை வருகிறதே, அதில் அந்தக் கந்தகத்துக்குப் பங்கு உண்டு. மெத்தியோனைன் இருந்தால் கோழி அதிலிருந்து சிஸ்டீனைச் செய்துகொள்ளும். சிஸ்டீனிலிருந்து மெத்தியோனைன் செய்ய முடியாது. குஞ்சுப் பருவத்தில் ஒரே சமயத்தில் சதையும் வளர வேண்டும், இறகும் முளைக்க வேண்டும். மெத்தியோனைன் குறைந்தால் முதுகு வெறுமையாகவே நிற்கும், குஞ்சுகள் பக்கத்தில் உள்ளதன் இறகைக் கொத்தும். கொத்துவதற்கு வேறு காரணங்களும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்: இட நெருக்கடி, அதிக வெளிச்சம், உப்புக் குறைவு, பேன். ராத்திரி டார்ச் அடித்து இறக்கைக்கு அடியிலும் மலவாய்ப் பக்கத்திலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அலகைத் தீய்க்கலாமா என்று யோசித்திருப்பீர்கள். அவசரப்பட வேண்டாம், பாவம், தீவனத்தில் உள்ள குறைக்கு அவற்றின் அலகு என்ன செய்யும்?

சரி, லேப் ஏன் இதைச் சொல்லவில்லை? புரதம் பார்க்கிற அந்தச் சோதனை 1883-இல் டென்மார்க்கில் ஒரு பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் யோஹான் கெல்டால் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. அதில் அளப்பது நைட்ரஜனை மட்டும்தான். புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன் என்று வைத்து, கிடைத்த அளவை 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுவார்கள். கச்சாப் புரதம் என்று ரிப்போர்ட்டில் போடுவது அதனால்தான். நைட்ரஜன் லைசினிலிருந்து வந்ததா, வேறு எதிலிருந்து வந்ததா என்று அந்தச் சோதனைக்குத் தெரியாது. இந்த ஓட்டையை ஏமாற்றுக்காரர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். 100 கிலோ தீவனத்தில் ஒரு கிலோ யூரியா கலந்தால் ரிப்போர்ட்டில் புரதம் கிட்டத்தட்ட 3 சதவீதம் ஏறிவிடும். 2008-இல் சீனாவில் பால் பவுடரில் மெலமைன் என்ற நைட்ரஜன் மிகுந்த ரசாயனத்தைக் கலந்து குழந்தைகளின் சிறுநீரகத்தைக் கெடுத்ததும் இதே தந்திரம்தான். மலிவாகக் கிடைக்கிறது என்று கருவாட்டுத் தூள் வாங்குகிறபோது இதை மறக்காதீர்கள். யூரியா இருக்கிறதா, மணலும் உப்பும் எவ்வளவு என்று சோதித்த பிறகே கலக்குங்கள்.

மாட்டுக்கு ஏன் ஒத்துப்போகிறது என்று கேட்டீர்கள், நல்ல கேள்வி. மாட்டின் முதல் வயிறு ஒரு பெரிய நொதிக்கும் தொட்டி. அங்கே இருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் புண்ணாக்குப் புரதத்தில் பெரும்பகுதியை அம்மோனியா வரை சிதைத்து, அதிலிருந்து எல்லா அமினோ அமிலங்களையும் தாங்களே செய்து தங்கள் உடம்பாக்கிக்கொள்கின்றன. பிறகு அந்த நுண்ணுயிரிகளே கீழே இறங்கிச் செரித்து மாட்டுக்கு உணவாகின்றன. லைசின் குறைந்த புண்ணாக்கைப் போட்டாலும், மாட்டின் குடலுக்குப் போய்ச் சேர்வது நல்ல நுண்ணுயிர்ப் புரதம். கோழிக்கு இந்த வசதி இல்லை. தொட்டியில் நீங்கள் கொட்டுவதுதான் அதற்குக் கிடைக்கும்.

இனி செய்ய வேண்டியது. ஒன்றின் குறையை இன்னொன்றால் அடைக்க வேண்டும். சோயாப் புண்ணாக்கில் லைசின் நிறைய, மெத்தியோனைன் குறைவு. எள்ளுப் புண்ணாக்கில் மெத்தியோனைன் நிறைய, லைசின் குறைவு. இரண்டும் சேர்ந்தால் பொருந்திவிடும். அரிசியும் உளுந்தும் சேர்வதும் இதே பொருத்தம்தான்: அரிசியின் லைசின் குறையை உளுந்து அடைக்கிறது, உளுந்தின் மெத்தியோனைன் குறையை அரிசி அடைக்கிறது. தொட்டுக்கொள்ள எள்ளுப் பொடியும் வைத்தார்களே நம் பாட்டிமார்கள், அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம்தான்.

முட்டைக்கோழிக்கு 100 கிலோ கலவை இப்படி இருக்கட்டும்: மக்காச்சோளம் 52, கம்பு 8, தவிடு 18, சோயாப் புண்ணாக்கு 9, கடலைப் புண்ணாக்கு 4, எள்ளுப் புண்ணாக்கு 4, உப்பில்லாத கருவாட்டுத் தூள் 3, தாது உப்பு 2 கிலோ. கிளிஞ்சல் இப்போதுபோலத் தனியாகவே இருக்கட்டும். இதில் கச்சாப் புரதம் 16.5 சதவீதம்தான், உங்கள் பழைய கலவையைவிடக் குறைவு. ஆனால் லைசின் 0.71-க்கும் மெத்தியோனைன் 0.31-க்கும் ஏறிவிடுகிறது. குஞ்சுகளுக்கு எட்டு வாரம் வரை மக்காச்சோளம் 46, கம்பு 8, தவிடு 14, சோயா 14, கடலை 8, எள் 4, கருவாட்டுத் தூள் 4, தாது உப்பு 2. இதில் புரதம் 20 சதவீதத்தை ஒட்டி வரும், லைசின் 0.9, மெத்தியோனைன் 0.36. எள்ளுப் புண்ணாக்கை அதற்குமேல் ஏற்ற வேண்டாம், அதிலுள்ள பைட்டேட், ஆக்சலேட் என்ற பொருள்கள் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

கடையில் டிஎல்-மெத்தியோனைன் என்ற பெயரில், ஆலையில் செய்த மெத்தியோனைன் தூளாகக் கிடைக்கும். முட்டைக்கோழித் தீவனம் 100 கிலோவுக்கு 60 கிராம், குஞ்சுத் தீவனத்துக்கு 100 கிராம் போதும். அப்படியே கொட்டிவிடாதீர்கள். முதலில் ஒரு கிலோ தவிட்டில் கலந்து, அதைப் பத்துக் கிலோ தீவனத்தில் கலந்து, அப்புறம் மொத்தத்தில் சேருங்கள். மருந்தோ ஹார்மோனோ என்று பயப்பட வேண்டாம், கருவாட்டிலும் எள்ளிலும் இருக்கும் அதே அமினோ அமிலம்தான்.

சோயாவைப் புண்ணாக்காக வாங்குங்கள். பச்சைச் சோயா மொச்சையை அரைத்துப் போட்டால் அதிலுள்ள ஒரு பொருள் புரதத்தை அறுக்கும் டிரிப்சினைத் தடுத்துவிடும், தின்றது செரிக்காது. சூடு பட்டால்தான் அது அழியும். அதற்காகக் கருகவும் கூடாது. கருகிய வாடை வரும் புண்ணாக்கில் லைசின் சர்க்கரையோடு பிணைந்து கோழிக்குப் பயன்படாமல் போயிருக்கும்.

கடலைப் புண்ணாக்கில் எனக்கு இன்னொரு கவலை, பூஞ்சை. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குதான் காரணம். அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அது ஈரலைக் கெடுப்பதோடு, உடம்பு புரதம் கோக்கும் வேலையையே தடுக்கும். அப்படி இருந்தால் கலவையை எவ்வளவு திருத்தினாலும் பலன் தெரியாது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன ஆய்வுக்கூடம் இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். அடுத்த மூட்டை வாங்கியதும் மேல், நடு, அடி என்று பல இடங்களில் எடுத்துக் கலந்து அரைக்கிலோ கொண்டுபோய் அஃப்ளாடாக்சின் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் அள்ளினால் நஞ்சுள்ள பகுதி தப்பிவிடும்.

அசோலா என்ற நீரில் மிதந்து வளரும் செடியைத் தீனியாகப் போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள், உங்களுக்கும் தோன்றலாம். போடலாம், நல்லது. ஆனால் ஈர அசோலாவில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். 100 கிராம் அள்ளிப்போட்டால் ஒன்றிரண்டு கிராம் புரதம் சேரும், அவ்வளவுதான். மெத்தியோனைனும் அதில் அதிகம் இல்லை. குஞ்சுகளுக்கு அதைவிடக் கரையான் நல்ல தீனி. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை போட்டு நீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் காலையில் ஏறியிருக்கும்.

புதுத் தீவனத்தை ஒரேயடியாக மாற்றாமல், ஒரு வாரத்தில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டிக்கொண்டு போங்கள். இன்றைக்கே 20 முட்டையை ஒன்றாக எடை போட்டுக் குறித்துவையுங்கள், மூன்று வாரம் கழித்து மறுபடி போடுங்கள். பிடுங்கப்பட்ட இடத்தில் சில வாரங்களில் இறகு முளைத்துவிடும். நடுவில் ஒடிந்த இறகு மட்டும் அடுத்த முறை இறகு உதிர்ந்து முளைக்கும்வரை அப்படியே நிற்கும், அதைப் பார்த்துத் தீவனம் வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நனைந்த கூளத்தை அள்ளிவிட்டுக் காய்ந்ததைப் பரப்புங்கள். விடிகாலையில் கொட்டகைக் கதவைத் திறந்ததும் குஞ்சு நிற்கிற உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். நெடி குறைந்திருந்தால் தீவனம் உடம்பில் சேர ஆரம்பித்துவிட்டது. முட்டை எடையோடு மறுபடி எழுதுங்கள் அம்மா, அதை வைத்து மீதியைத் திருத்திக்கொள்ளலாம்.