ஹான்லேக்குப் போக எந்தக் கேமரா?

கேள்வி: செப்டம்பர் கடைசியில் லடாக் போகிறோம். ஹான்லேயில் பால்வெளியைப் படமெடுக்க ஆசை. கையில் சுமாரான நல்ல போன் இருக்கிறது. 70,000 ரூபாய்க்குள் என்ன கேமரா வாங்கலாம்?

பதில்: பாங்காங் ஏரி, லே அரண்மனை மட்டும் என்றால் எதுவும் வாங்காதீர்கள் என்பேன், பகல் வெளிச்சத்துக்குப் போனே போதும். ஆனால் ஹான்லே என்கிறீர்கள். சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் வானாய்வகம் இருக்கும் இடம், அவ்வளவு இருட்டு. போனும் நைட் மோடில் ஏதோ தரும்தான், பெரிதாக்கிப் பார்த்தால் நட்சத்திரமெல்லாம் குழைந்து கிடக்கும்.

பணத்தைக் கேமரா பாடியில் கொட்டாமல் லென்ஸில் போடுங்கள். கடையில் மெகாபிக்சலைத்தான் பெரிதாகப் பேசுவார்கள், 24 தாராளம். 2014-இல் வந்த சோனி ஏ6000 செகண்ட் ஹேண்டில் கிடைத்தால்கூடப் போதும், சென்சாரில் கீறல் இல்லையா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். அதோடு வரும் 16-50 கிட் லென்ஸ் எஃப் 3.5-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும்). சம்யாங் 12 எம்.எம். எஃப் 2 லென்ஸ் அதைப்போல மூன்று மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதன் மேனுவல் ஃபோகஸ் வகையே போதும், அந்த இருட்டில் ஆட்டோஃபோகஸ் எப்படியும் திணறத்தான் செய்யும். மிச்சத்தில் காற்றுக்கு ஆடாத ட்ரைபாட்.

டிக்கெட் போடும் முன் காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று பாருங்கள், நிலா இருந்தால் எந்தக் கேமராவாலும் பயனில்லை. அந்த மாதத்தில் பால்வெளியின் பிரகாசமான பகுதி இருட்டியதுமே தென்மேற்கில் தெரியும், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று இருந்தால் இறங்கிவிடும். ரா ஃபைல் (கேமரா மெருகேற்றாமல் அப்படியே சேமிக்கும் படம்), எஃப் 2, ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தை உணரும் அளவு) 3200, ஷட்டர் 20 விநாடி திறந்திருக்கட்டும் என்று ஆரம்பியுங்கள். அதற்கு மேல் ரொம்ப நீட்டினால் பூமி சுற்றுவதால் நட்சத்திரம் கோடாக இழுக்கும். ஃபோகஸுக்கு, திரையில் ஒரு பெரிய நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது சின்னப் புள்ளியாகும் வரை வளையத்தைத் திருப்புங்கள். பட்டனை அழுத்தும்போது கேமரா அதிரும், இரண்டு விநாடி டைமர் வையுங்கள்.

அப்புறம் பேட்டரி. குளிரில் சட்டென்று இறங்கும், குறைந்தது மூன்று வேண்டும், உதிரி பேட்டரிகளைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வையுங்கள். விமானத்தில் அவற்றைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக்கூடாது. கிளம்பும் முன் மொட்டைமாடியில் விளக்கை அணைத்துவிட்டு, பட்டன்களைத் தடவிப் பார்த்தே இதெல்லாம் செய்யப் பழகிக்கொள்ளுங்கள், அங்கே கையுறையோடு செய்ய வேண்டியிருக்கும்.