பிட்சரின் தோளுக்கு எறிபந்து ஆகுமா? – வாசகர் கேள்வி பதில்

பேஸ்பாலைப் போன்ற சாஃப்ட்பால் ஆடும் பிள்ளைகளுக்கு இரண்டாவது விளையாட்டு எது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி சாஃப்ட்பால் அணியில் அவள்தான் பிட்சர் (பந்து வீசுபவர்). "இன்னொரு விளையாட்டும் ஆடட்டும்" என்று பி.டி. ஆசிரியை எறிபந்து அணியிலும் சேர்க்கச் சொல்கிறார். சேர்க்கலாமா?
– ஒரு தாய், நாமக்கல்

பதில்: இன்னொரு விளையாட்டு வேண்டும் என்பதில் ஆசிரியை சொல்வது முழுக்கச் சரி. ஆனால் பிட்சருக்கு எறிபந்து வேண்டாம்.

சாஃப்ட்பால் உடம்பின் ஒரு பக்கத்தையே வேலை வாங்கும் ஆட்டம். எறிவது ஒரே கை, மட்டை சுற்றுவது ஒரே பக்கம், பேஸ்கள் எனும் நான்கு முனைகளைச் சுற்றி ஓடும்போது திரும்புவதும் எப்போதும் இடப்பக்கம். நடுநடுவே நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும், பிறகு திடீரென ஓட வேண்டியிருக்கும். ஆகவே துணைக்கு வரும் விளையாட்டு இங்கே கிடைக்காததைத் தர வேண்டும்: இரு பக்கமும் திரும்புதல், நிற்காமல் ஓடுதல், இரண்டு கால்களுக்கும் சமமான வேலை. எறியும் தோளை மறுபடியும் வேலைக்கு இழுக்கக் கூடாது.

எறிபந்தில் பந்தை இரு கைகளாலும் பிடித்து, 3 விநாடிக்குள் ஒரு கையால் தோளுக்கு மேலிருந்து வலைக்கு அப்பால் எறிய வேண்டும். அதாவது ஓய்வு தர வேண்டிய அதே தோளுக்கு மாலையில் இன்னொரு வேலை. ஹேண்ட்பால், வாலிபால் ஸ்பைக், ஈட்டி எறிதல் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

"கீழிருந்து வீசுவதால் சாஃப்ட்பால் பிட்சருக்குத் தோள்வலி வராது" என்ற நம்பிக்கை பல மைதானங்களில் உண்டு. அது தவறு. 180 முதல் 200 கிராம் வரை எடையுள்ள பந்தோடு கை முழு வட்டம் சுற்றி வருகிறது. அந்த வேகத்தைத் தாங்கும் பாரம் தோளின் முன்பக்கத்தில், புஜத் தசைநார் ஒட்டும் இடத்தில் விழுகிறது. 7 இன்னிங்ஸ் முழுவதும் வீசினால் பந்துகள் 100ஐத் தொடுவது சாதாரணம். போதாததற்கு, போட்டி நாளில் ஒரே பிட்சர் இரண்டு ஆட்டம் வீசுவதும் நடக்கிறது.

11 முதல் 15 வயது வரை மேற்கை எலும்பின் தலைப்பகுதியில் வளர்ச்சிக் குருத்தெலும்பு இன்னும் மூடியிருக்காது. தசைநாரைவிட அது பலவீனமானது. எறிந்த மறுநாள் காலையும் வலி இருந்தாலோ, மேற்கையின் வெளிப்புறத்தில் தொட்டால் வலித்தாலோ, காரணமே தெரியாமல் பந்தின் வேகம் குறைந்தாலோ உடனே எறிவதை நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். தைலம் தேய்த்து ஆடவிட்டால், சில வார ஓய்வில் சரியாகக் கூடியது பல மாதங்களுக்கு இழுத்துவிடும்.

உங்கள் மகளுக்குக் கோ-கோ, கால்பந்து, அல்லது தடகளத்தில் குறுவேக ஓட்டமும் நீளம் தாண்டுதலும் பொருந்தும். பள்ளியில் வளையப்பந்து இருந்தால் அதையும் சேர்க்கலாம், எறியாத கையால் பிடித்து அதே கையால் விடும் பயிற்சியாக மட்டும். கிளவ் அணியும் கைக்கு அது அருமையான வேலை.

கேள்வி: மகன் நன்றாக அடிக்கிறான். ஆனால் முதல் பேஸுக்கு ஓடுவதற்குள் அவுட் ஆகிவிடுகிறான். தடகளத்தில் சேர்ப்பதா, கோ-கோவா?
– வாசகர், விருதுநகர்

பதில்: கோ-கோ. எங்களுக்கு இதில் தயக்கமே இல்லை.

பேஸுக்கும் பேஸுக்கும் இடையே 60 அடி, அதாவது 18.29 மீட்டர். 100 மீட்டர் ஓட்டக்காரர் உச்ச வேகத்தைத் தொடும் தூரத்துக்கு வெகு முன்பே இங்கே ஓட்டம் முடிந்துவிடும். முதல் ஐந்தாறு எட்டுகளில்தான் வெற்றி தோல்வி. மேலும் சாஃப்ட்பாலில் பந்து பிட்சரின் கையை விட்டு நீங்கும் வரை ஓட்டக்காரர் பேஸை விட்டு விலகக் கூடாது. பேஸ்பாலில் போல முன்கூட்டியே சில எட்டு தள்ளி நிற்க முடியாது. அதனால் நின்ற இடத்திலிருந்து பாயும் திறன்தான் எல்லாம்.

கோ-கோவில் துரத்தும் அணியினர் குந்தியிருந்து, "கோ" கிடைத்ததும் எழுந்து பாய்கிறார்கள். ஒரு ஆட்டத்தில் இது எத்தனை முறை நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்! தப்பி ஓடுபவரோ உடம்பைத் தாழ்த்தி, இரு பக்கமும் வளைந்து, சட்டென நின்று திரும்புகிறார். இன்ஃபீல்டில் (பேஸ்களை ஒட்டிய உள்மைதானத்தில்) தரையோடு உருண்டு வரும் பந்தை மறிக்கத் தேவைப்படும் இடுப்புத் தாழ்வு இதில் தானாக வந்துவிடும்.

முதல் இரண்டு வாரம் எழுந்து பாய்வது, கம்பத்தைச் சுற்றித் திரும்புவது ஆகிய இரண்டு மட்டும் போதும். எழும்போது நெஞ்சு நிமிர்ந்துவிடுவதுதான் வழக்கமான தவறு. முதல் மூன்று எட்டுக்கும் நெஞ்சு முன்சாய்ந்தே இருக்க வேண்டும். கம்பத்தருகே பாய்ந்து விழும் டைவ் மட்டும் எறியும் கையை நீட்டிச் செய்யக் கூடாது, தோள் நழுவ வாய்ப்புண்டு. மண் கெட்டிப்பட்டிருந்தால் தண்ணீர் தெளித்துக் கிளறிய பிறகே டைவ்.

சேர்க்கும் முன் ஒரு சோதனை. கண்ணாடி முன் ஒற்றைக்காலில் நின்று மெதுவாக ஐந்து முறை பாதி குந்தச் சொல்லுங்கள். முழங்கால் உள்பக்கம் சாய்ந்தால் இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளில் பலம் போதவில்லை என்று பொருள். ஆறு வாரம் அதைப் பலப்படுத்திவிட்டு வேகத் திருப்பங்களுக்குப் போகலாம். பெண் பிள்ளைகளிடம் இதை இன்னும் கவனமாகப் பாருங்கள். ஓடி நின்று திரும்பும் ஆட்டங்களில் முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழிவது அவர்களுக்கே அதிகம்.

கேள்வி: ஷார்ட் ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) ஆடும் பிள்ளைக்கு 'ரியாக்‌ஷன்' வளர டேபிள் டென்னிஸ் நல்லதா, பேட்மிண்டன் நல்லதா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: 'ரியாக்‌ஷனு'க்காக என்றால் இரண்டுமே ஏமாற்றம் தரும். பிட்சர் நிற்கும் 43 அடியிலிருந்து மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஏறத்தாழ அரை விநாடியில் மட்டையாளர் முன் உள்ள பிளேட்டை எட்டுகிறது. நல்ல மட்டையாளர் பிட்சரின் இடுப்பையும் மணிக்கட்டையும் படித்து முன்கூட்டியே கணிப்பதால்தான் அடிக்கிறார். அந்தப் படிப்பு டேபிள் டென்னிஸ் மேசையில் கிடைக்காது, பிட்சர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் வரும்.

கால்களுக்காகக் கேட்டால், பேட்மிண்டன். எதிராளி இறகுப்பந்தை அடிக்கும் கணத்தில் ஆட்டக்காரர் சிறு துள்ளல் போட்டு இரு கால்களையும் அகட்டி இறங்குகிறார். பந்து மட்டையில் படும் நேரத்தில் ஷார்ட் ஸ்டாப் செய்ய வேண்டியதும் இதே துள்ளல்தான். பல பிள்ளைகள் குதிகாலில் நின்றுகொண்டு முதல் எட்டை இழக்கிறார்கள். பேட்மிண்டனில் ஒரு பருவம் ஆடினால் அந்தப் பழக்கம் போய்விடும். ஆனால் ஸ்மாஷ் (தலைக்கு மேலிருந்து ஓங்கி அடிப்பது) என்பது தோளுக்கு இன்னொரு எறிதல். வலைக்கருகே ஆடும் ஆட்டம், லஞ்ச் (ஒரு காலை நீட்டி முன்பாய்வது), டிராப் (வலையை ஒட்டி மெதுவாக விடுவது) என்று கேட்டுப் பயிற்சி வாங்குங்கள்.

கேள்வி: என் மகள் கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர்), வயது 13. முழங்காலுக்குக் கீழே எலும்பு முட்டிக்கொண்டு வலிக்கிறது என்கிறாள். கூடைப்பந்தில் சேர்க்கலாமா?
– ஒரு தந்தை, கோவை

பதில்: இப்போது வேண்டாம். வேகமாக உயரம் கூடும் வயதில், முழங்கால் சில்லுக்குக் கீழே தசைநார் எலும்போடு சேரும் இடத்தில் இப்படி வலி வருவது வழக்கம். மருத்துவர் பார்த்து உறுதி செய்யட்டும். குந்துவதும் குதிப்பதும் இந்த வலியைக் கூட்டும். குந்துவது ஏற்கெனவே கேட்சரின் வேலை, கூடைப்பந்து குதிப்பையும் சேர்த்துவிடும்.

நீச்சல் நல்லது. முழங்காலை மடக்கி உதைக்கும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கைத் தவிருங்கள். ஃப்ரீஸ்டைலிலும் ஒரு கணக்கு உண்டு: 25 மீட்டருக்குச் சுமார் 20 கைவீச்சு என்றால் 1 கிலோமீட்டருக்கு 800, ஒரு கைக்கு 400. ஆகவே நிறைய எறிந்த நாளில் பலகையைப் பிடித்துக் கால் உதைப்பு மட்டும்.

கேள்வி: கிரிக்கெட்டும் சாஃப்ட்பாலும் சேர்ந்து ஆடினால்?
– மாணவி, மதுரை

பதில்: ஆசையாக ஆடுங்கள், ஆனால் அதை இரண்டாவது விளையாட்டாகக் கணக்கில் வைக்காதீர்கள். எறிவது அதே தோள். கிரிக்கெட்டில் கையுறை இல்லாமல் பிடிப்பதால் பந்தோடு கை பின்வாங்கும் மென்மை வரும், அது லாபம். இரண்டிலும் ஒரே மாதத்தில் போட்டி வந்தால் ஒன்றை விடுங்கள்.

கேள்வி: நான் உடற்கல்வி ஆசிரியர். இரண்டு விளையாட்டுக்கும் வாரத்தை எப்படிப் பிரிப்பது?
– அரசுப் பள்ளி, கடலூர் மாவட்டம்

பதில்: பிள்ளையின் வயது எத்தனையோ, வாரப் பயிற்சி மணிநேரம் அதைத் தாண்டக் கூடாது. 12 வயதென்றால் இரண்டும் சேர்ந்து 12 மணிநேரம், அதில் வகுப்பு நேர ஆட்டமும் அடக்கம். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. குறுவட்டப் போட்டி நெருங்கும் மாதங்களில் சாஃப்ட்பால் நான்கு நாள், துணை விளையாட்டு ஒரு நாள். போட்டிகள் முடிந்ததும் அதைத் திருப்பிப் போடுங்கள். ஆண்டில் மூன்று மாதமாவது, ஒவ்வொரு மாதமாகப் பிரித்தாவது, பந்து எறியாமல் இருக்கட்டும். தேர்வு மாதத்தை இதில் ஒன்றாக்கிக்கொள்ளலாம். பிட்சர்களுக்கு ஒரு நோட்டுப் போட்டு, பயிற்சியில் வீசியது, ஆட்டத்தில் வீசியது, மற்ற விளையாட்டில் எறிந்தது என மூன்றையும் ஒரே பக்கத்தில் தேதி வாரியாக எழுதி வையுங்கள். தோள்வலி என்று பிள்ளை வந்தால் மருத்துவர் முதலில் கேட்பது அந்தக் கணக்கைத்தான்.