சென்னைக்குப் பக்கத்தில் தீவு மாதிரி கிராமம் ஏதாவது உண்டா? ஒரே நாளில் போய்வர முடியுமா?

அந்தமான் டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு இந்தக் கேள்விக்கு வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சென்னைக்கு வடக்கே, ஏரியும் கடலும் ஒட்டிய மீனவ ஊரான பழவேற்காடு போங்கள். ஒரே நாளில் போய்வரலாம்.

நான் எண்ணூர்க்காரன். அம்மா வழிச் சொந்தமெல்லாம் அந்த ஏரிக்கரைக் குப்பங்களில்தான். ஊர்ப்பெருமை அடிக்கிறான் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். "அது கரையில்தானே இருக்கு, தீவா?" என்று மேப்போடு வருபவர்களுக்கு: பாலம் தாண்டினால் லைட்ஹவுஸ் குப்பம். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல், நடுவில் மணல். நமக்கு அது போதும்.

வேளச்சேரியில் இருக்கும் ஆபீஸ் நண்பரை ஒரு மார்கழியில் கூட்டிப்போனேன். பூநாரை பார்க்கத்தான் வந்தார்; அது எட்டத்தில் வெளிர் ரோஸ் கோடாகத் தெரிந்ததோடு சரி. ஆள் அசந்து நின்றது டச்சுக் கல்லறை வாசலில். இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் இதையே தலைமையிடமாக வைத்திருந்தார்கள். கட்டம் போட்ட துணி கப்பலேறிய அதே துறையில் மனிதர்களையும் அடிமைகளாக பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றினார்கள். 'டச்சுப் பாரம்பரியம்' என்று உருகி ரீல்ஸ் போடுபவர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. கோட்டை இருந்த இடத்தில் இப்போது மேடும் புதரும்தான்.

ஏரிக்குள் இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் மீன் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். நண்பர் போனை எடுத்தார், வேண்டாம் என்றேன். வலைக்காரர்களுக்கோ பாடு முறை: எந்த வலை என்றைக்கு எந்த இடத்தில் என்று ஊரே முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும். வெயில் காலத்தில், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலடித்து அடைத்துவிட்டால் முறை வந்த இடத்திலும் மீன் குறைவு.

படகுக்காரரிடம் சவாரி கேட்டு நச்சரிக்காதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் செத்த ஏரி அது.

கும்மிடிப்பூண்டி ரயிலில் பொன்னேரியில் இறங்கினால் பஸ் உண்டு. கேபை நம்பாதீர்கள். திருவொற்றியூர் என்றாலே டிரைவர் "லொகேஷன் எங்க சார்?" என்று கேட்டுவிட்டு கேன்சல் அடிக்கிறார். நண்பரோடு போன அன்றைக்கு ராத்திரியும் அதேதான். இவர்களுக்கெல்லாம் சென்னை சென்ட்ரலோடு முடிந்துவிடுகிறது போல. துறைமுகம், அனல் மின்நிலையம், சாம்பல் எல்லாவற்றுக்கும் மட்டும் நாங்கள் சென்னை.